வாய்க்குள் ஒரு திருகாணி

டிப்போவில் அவளை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்டக்டர்களுக்குக் கொடுக்கிற விசிலை அவள் பையை விட்டு எடுத்ததே இல்லை. உதட்டைக் குவித்து அவள் ஊதுகிற சீட்டிதான் அந்த வண்டிக்குக் கட்டளை. ஒரு சீட்டிக்கு வண்டி நிற்கும், இரண்டுக்குக் கிளம்பும். கடைசி சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவன்கூட எழுந்து நிமிர்ந்து உட்காருவான். பேச்சும் அப்படித்தான். டிக்கெட் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற ஆளிடம், "சார், வெளியில மரம்தான் போகுது, டிக்கெட் உள்ள இருக்கு" என்பாள். வண்டியே சிரிக்கும். அந்த ஆளும் அசட்டுச் சிரிப்போடு பையில் கைவிடுவான்.

"இந்த வாய் மட்டும் இல்லேன்னா உன்ன நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்பார் அவளோடு ஓட்டுகிற டிரைவர்.

அவள் கணவர் தையல்காரர். வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் தைக்கிறவர். யாராவது அளவு சரியில்லை என்று சண்டைக்கு வந்தால் மெதுவாக உள்ளே திரும்பிப் பார்ப்பார். அவள் வந்து பேசிக்கொள்வாள். மூன்றாம் வகுப்பில் படிக்கிற ஒரு மகள். இவர்களைத் தவிர அவளுக்குத் தம்பி ஒருவன். அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரி, சோறு போட்டு, அடித்துப் படிக்கவைத்துப் பார்த்து, படிப்பு ஏறாது என்று தெரிந்ததும் டிப்போவில் வண்டி கழுவுகிற வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். வாலிபனாகிவிட்டான், தனியாக ஓர் அறையில் இருந்தான், ஆனாலும் அவள் எது சொன்னாலும் "சரிக்கா" என்பதோடு அவன் பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கோடையில் அவள் வீட்டு அடுப்படித் தொட்டி அடைத்துக்கொண்டது. கம்பி விட்டுக் குத்தினாள், வெந்நீர் ஊற்றினாள், திட்டியும் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு குழாய்க்குள் மெழுகாக உறைந்து கிடந்தது. தண்ணீர் இறங்கவில்லை. டிப்போவில் இஞ்சின் பாகங்களில் ஒட்டிய கிரீஸை எடுப்பதற்குக் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர் வைத்திருப்பார்கள். பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், வாடையும் கிடையாது. ஆனால் எத்தனை வருஷத்துப் பிசுக்கையும் அறுத்துவிடும்.

"டேய், அதுல கொஞ்சம் எடுத்துட்டு வாடா. ஊத்தினா ஒரே அடியா அறுத்துக்கிட்டுப் போயிடும்" என்றாள் தம்பியிடம்.

"வெளிய கொண்டுபோகக் கூடாதுக்கா. கேட்டுல பாப்பாங்க."

"உன்ன யாரு தாம்பாளத்துல வச்சுத் தூக்கிட்டு வரச் சொன்னா? தண்ணி பாட்டில்ல ஊத்திக்கிட்டு வா. வெயில் காலத்துல கையில தண்ணி பாட்டில் இல்லாம எவன் இருக்கான்?"

"சரிக்கா."

மறுநாள் அவன் கொண்டுவந்தபோது அவள் ஷிப்டில் இருந்தாள். முன்னறையில் தையல்காரர் மட்டும் பள்ளிச் சீருடைகளின் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். தம்பி பாட்டிலை உயர்த்திக் காட்டினான்.

"மாமா, இது காஸ்டிக். தொட்டி அடைப்புக்கு அக்கா கேட்டது. பாப்பா கைக்கு எட்டாம மேல் பலகையில வைக்கிறேன். அக்கா வந்ததும் சொல்லிடுங்க."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலர் வளைவில் ஊசி திரும்புகிற இடம். கண்ணை எடுத்தால் தையல் கோணிவிடும். "ம்ம்" என்றார் தையல்காரர். காதில் விழாமல் இல்லை. விழுந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

அவள் வந்தபோது வெயிலில் முகம் கறுத்துச் சிவந்திருந்தது. வாசலிலேயே செருப்பை உதறினாள். டிக்கெட் பையைக் கழற்றி எப்போதும் வைக்கிற மேல் பலகையில் வைக்கக் கையைத் தூக்கினாள். பாட்டில் தட்டுப்பட்டது. மூடியைத் திருகி, வாயை வைத்து, ஒரே மூச்சாகச் சாய்த்தாள்.

முதலில் அவளுக்குத் தெரிந்தது சோப்பு மாதிரியான ஒரு வழுவழுப்பு. இது என்ன என்று நினைத்து முடிப்பதற்குள் பாதி தொண்டைக்குக் கீழே போயிருந்தது. மீதியைத் துப்பினாள். அது உதட்டிலும் மோவாயிலும் வழிந்தது. அதற்குப் பிறகுதான் தீ.

தையல்காரர் கேட்டது மனிதக் குரல் மாதிரி இல்லை. ஓடிவந்து குடம் தண்ணீரை எடுத்து அவள் வாயிலும் கழுத்திலும் ஊற்றினார். பக்கத்து வீட்டுக்காரி, "உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைங்க" என்று கத்தினாள். அவர் கொடுக்கவில்லை, கொடுக்கக் கூடாது என்று தெரிந்து அல்ல, உப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாததால். ஆஸ்பத்திரியில் அதைக் கேட்ட டாக்டர், "நல்லவேளை. திரும்பி வந்திருந்தா வந்த வழியை இன்னொரு தடவ எரிச்சிருக்கும்" என்றார்.

அவசரப் பிரிவில் மூச்சுக்குழாய் வீங்கி அடைப்பதற்குள் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். உணவு போவதற்கு வயிற்றில் இன்னொரு குழாய். இப்படிப்பட்டவர்கள் வந்தால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"தானா குடிச்சாங்களா? யாராவது குடுத்தாங்களா?"

தையல்காரர் தலையைத் தூக்கினார். எதிரே தம்பி, டிப்போ உடையோடு, முழங்கால் வரை நனைந்த காலோடு அப்படியே ஓடிவந்து நின்றிருந்தான்.

"இதோ, இவன் கொண்டாந்து வச்சான் சார்" என்றார். "தண்ணி பாட்டில்ல. எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல."

போலீஸ்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி மாமாவைப் பார்த்தான். மாமாவின் கண்கள் தரையில் இருந்தன.

"ஆமா சார்" என்றான் தம்பி. "சொல்ல மறந்துட்டேன்."

அவள் நினைவு தெளிந்து கேட்டறிந்தது இந்தக் கதையைத்தான். காஸ்டிக்கைக் கொண்டுவரச் சொன்னது தான்தான் என்பது அவளுக்கு மறக்கவில்லை. தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வரச் சொன்னதும் தான்தான். ஆனால் வைத்தவன் சொல்ல வேண்டாமா? அந்த ஒரு கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதை நினைக்க வேண்டியதில்லை. தம்பி படுக்கையருகே வந்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கணவரிடம் கையை வீசிக் காட்டினாள், போகச் சொல்லு என்று. அன்றிலிருந்து அவன் உள்ளே வருவதில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவான்.

*

கழுத்துக் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிர் தப்பிவிட்டது என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அவள் வாய் அப்போதுதான் சுருங்க ஆரம்பித்தது.

முதலில் கொட்டாவி விடும்போது கடைவாய் இழுத்தது. பிறகு கரண்டி நுழையவில்லை. சிறிய கரண்டி வாங்கினார்கள், அதுவும் நுழையவில்லை. கீழுதடு ஈறோடு ஒட்டிக்கொண்டது. நாக்கு அடியில் பசை போட்ட மாதிரி வாயின் அடித்தரையோடு பதிந்துவிட்டது. எச்சிலை விழுங்கவும் முடியாது, அடக்கவும் முடியாது. மோவாயில் வழிந்துகொண்டே இருக்கும். தையல்காரர் மிச்சத் துணியில் வரிசையாகக் கைக்குட்டை தைத்துக் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு டாக்டரம்மா இருந்தார். தீக்காயம், ஆசிட் காயம் எல்லாம் அவரிடம்தான் வரும். குள்ளமான உருவம், பேச்சில் சுற்றி வளைப்பதே கிடையாது. கையுறை போட்ட விரலை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"மூணு விரல் செங்குத்தா நுழையணும். உங்க வாய் என் சுண்டு விரலுக்கே யோசிக்குது." தையல்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க தையல்காரர்தானே? பை தச்சு வாயில நாடா கோத்து இழுத்தா எப்படி ஆகும்? அதான் இது. வாயைச் சுத்தித் தழும்பு. தழும்பு ஆறும்போது சுருங்கும், நாடா இழுக்கும்."

"உடனே வெட்டி விட்டுட முடியாதாங்க?"

"ஆறிக்கிட்டு இருக்கிற புண்ணுல கத்தி வச்சா இன்னும் கோவமா சுருங்கும். தழும்பு அடங்கட்டும். அதுவரைக்கும் வயித்துக் குழாயில சாப்பாடு."

மழைக்காலம் வந்து போனது. டிப்போவிலிருந்து பார்க்க வந்தவர்கள் பழங்களைக் கொண்டுவந்து, கொடுக்கும்போதே தப்பு தெரிந்து அசடு வழிந்து, மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். டிரைவர் ஒருமுறை வந்தார். எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும் என்றுதான் வந்திருப்பார். அவள் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் ஆபரேஷனில், வாய் திறக்காததால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக மூச்சுக்குழாயை இறக்கினார்கள். அந்தச் சித்திரவதையை அவள் கடைசிவரை யாரிடமும் விவரிக்கவில்லை. இரண்டு கடைவாயையும் வெட்டி அகலப்படுத்தி, நாக்கை வாயின் அடித்தரையிலிருந்து பிரித்து, வெற்றிடத்தில் தொடைத் தோலை மெல்லிசாகச் சீவி ஒட்டினார்கள். கண் விழித்தபோது நாக்கு அசைந்தது. நாக்கு என்று ஒன்று தனக்கு இருப்பதே அவளுக்கு அப்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தது.

அதோடு ஒரு கருவியும் வந்தது. பல் டாக்டர் அச்செடுத்துச் செய்தது. இரண்டு கடைவாயிலும் கொக்கி மாதிரி மாட்டுகிற இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள், அவற்றை இணைத்து நடுவில் ஒரு சின்னத் திருகாணி. ஊசி போன்ற ஒரு சாவியைத் திருகாணியின் துளையில் விட்டு இம்மியளவு திருப்பினால் இரண்டு துண்டுகளும் மயிரிழை விலகும். வாய் அந்த மயிரிழைக்கு விரிய வேண்டும். தினமும். பல் விளக்கவும் கழுவவும் தவிர மற்ற நேரமெல்லாம் அது வாயிலேயே இருக்க வேண்டும்.

"ஆபரேஷன்ல பாதிதான் நான் பண்ணியிருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "மீதிப் பாதி உங்க வீட்ல நடக்கணும். கருவியை எடுத்தீங்க, நாடா இழுத்துக்கும்."

தையல்காரர் தலையாட்டினார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வேலை நடந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் அவள் கண்ணில் கரகரவென்று நீர் வழியும், கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால் உதறும். அவருக்கு விரல் மரத்துவிடும். "கொஞ்ச நேரம் எடுத்து வைக்கட்டுமா?" என்பார். அவள் கெஞ்சுகிற கண்ணோடு தலையாட்டுவாள். கொஞ்ச நேரம் ஒரு மத்தியானமாகும். மத்தியானம் மறுநாளாகும். மறுபடி மாட்டப் போனால் இடம் கொடுக்காது. அப்புறம் ஒருநாள் மாட்டவே முடியவில்லை.

டாக்டரம்மா மறுபடி விரலை வைத்துப் பார்த்தார். கையுறையைக் கழற்றிக் கூடையில் எறிந்தார்.

"யார் எடுத்தது?"

"வலி தாங்கலைங்க" என்றார் தையல்காரர்.

"அவங்களுக்கா, உங்களுக்கா?"

அவர் கைக்குட்டையை எடுத்து அவள் மோவாயைத் துடைத்தார்.

*

இரண்டாவது ஆபரேஷன் பெரியது. தொடைத் தோல் இனிப் போதாது, முன்கையின் உட்புறத்திலிருந்து சதையோடும் ரத்தக்குழாயோடும் தோலை எடுத்து வாய்க்குள் வைத்துக் கழுத்து ரத்தக்குழாயோடு இணைத்துத் தைக்க வேண்டும் என்றார்கள். அது காலையில் ஆரம்பித்து வெயில் சாய்கிற வரை நடந்தது. வெளியே ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் தையல்காரரும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பி போய் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை அவர் பக்கத்தில் வைத்தான். வெகுநேரம் கழித்து அவர் அதை எடுத்தார்.

"நீ என்கிட்ட சொல்லிட்டுத்தான் போன" என்றார் டீயைப் பார்த்துக்கொண்டு.

"ம்."

"அன்னிக்கே போலீஸ்கிட்ட சொல்லியிருக்கலாமே. இன்னிவரைக்கும் ஏன்டா சொல்லல?"

தம்பி ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்தபடி சொன்னான்: "சொல்லி? அக்காவுக்குக் கோவப்படாம பாக்கறதுக்கு வீட்ல ஒருத்தராவது வேணுமே மாமா."

தையல்காரர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அது அவளுக்காகத் தைத்த கைக்குட்டை.

சில நாள் கழித்து டாக்டரம்மா புதுக் கருவியோடு வந்தார். "இந்தத் தடவ யார் திருகப் போறது? அவங்களே பண்ண முடியாது. ஒரு கையில கட்டு இருக்கு, துளை அவங்க கண்ணுக்கும் தெரியாது. அதோட தன் வலியைத் தானே திருக யாருக்கும் கை வராது."

"என்னால முடியாதுங்க" என்றார் தையல்காரர் தலைகுனிந்து.

"நான் பண்றேன்" என்று வாசலில் குரல் கேட்டது.

படுக்கையில் அவள் தலையை இப்படியும் அப்படியும் வேகமாக அசைத்தாள். கட்டுப் போடாத கையால் கதவைக் காட்டினாள்.

"சொந்தச் சண்டையெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்றார் டாக்டரம்மா. "இதுக்கு மேல உங்ககிட்ட இருந்து எடுத்து வைக்க எனக்குத் தோல் கிடையாது. கை நடுங்காத ஆளு எனக்கு வேணும். உன் கையைக் காட்டுப்பா."

தம்பி காட்டினான். பிரஷும் காஸ்டிக்கும் தின்று தடித்த கை. அது நடுங்கவில்லை.

*

டிப்போவுக்குப் போகுமுன் ஒருதரம் வருவான், திரும்பும்போது ஒருதரம் வருவான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவான். சாவியைக் கொதிநீரில் போட்டு எடுப்பான். "வாயைத் தொறக்கா" என்பான். திருகிவிட்டு, கருவி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, போய்விடுவான். தேறுதல் சொல்லமாட்டான். வலிக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் அடித்தாள். நகத்தால் கீறினாள், அவன் மணிக்கட்டில் கோடு கோடாகச் சிவந்திருக்கும். ஒருமுறை முகத்திலேயே துப்பப் பார்த்தாள். துப்பச் சக்தியில்லாமல் அவள் சட்டையிலேயே விழுந்தது. அவன் துணியை எடுத்துத் துடைத்துவிட்டுச் சாவியைக் கையிலெடுத்தான். தையல்காரர் அந்த நேரங்களில் மெஷினை வேகமாக ஓட்டுவார். தைக்கத் துணி இல்லாவிட்டாலும் ஓட்டுவார்.

வாய் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுத்தது. பேச்சும் வந்தது, ஆனால் உதடு இரண்டும் சேரவில்லை. தமிழில் உதடு சேராமல் நெருங்கிய சொந்தக்காரர் பலரைக் கூப்பிட முடியாது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அம்மா, அப்பா, மாமா, தம்பி, பாப்பா, எதுவும் வரவில்லை. "ஹாஹ்ஹா, ஹால் குடி" என்றாள் ஒருநாள் மகளிடம், பால் தம்ளரை நீட்டி. மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஹால் வேணாம், ஹால் வேணாம்" என்று கையைத் தட்டிக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினாள். பொளேரென்று விழுந்தது அறை. பால் சுவரெல்லாம் தெறித்தது. குழந்தை அழக்கூட மறந்து நின்றது.

தம்பி சாவியைக் கழுவிக்கொண்டிருந்தான். "அவளுக்கென்ன தெரியும்? சின்னப் புள்ள" என்றான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். உள்ளே அடைத்துக் கிடந்ததெல்லாம் அவன்மேல் கொட்டியது. பாதி எழுத்துகள் இல்லாமல், எச்சில் தெறிக்க, கருவி பல்லில் மோத, அவள் சொன்னது இதுதான்: "உன்ன வளத்ததுக்கு ஒரு நாய வளத்திருக்கலாம்டா. அது பாட்டில் தூக்கிக்கிட்டு வந்திருக்காது."

தையல் மெஷின் நின்றது.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தான். "சரிக்கா" என்றான். "வாயைத் தொற."

அவள் திறந்தாள். 'நீதானே கேட்டே' என்று அவன் இப்போதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். சொல்லியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பாள், மனசு லேசாகியிருக்கும். அவன் திருகிவிட்டு எழுந்து போனான்.

*

இந்த மாதிரி விஷயம் டிப்போவுக்குள் எத்தனை நாள் மூடிக் கிடக்கும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? காஸ்டிக் வெளியே போனது எப்படி என்று மேலிடத்தில் யாரோ கேட்டார்கள். தம்பியை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்து விசாரணை போட்டார்கள். அவன் அதை வீட்டில் சொல்லவில்லை. வழக்கமான நேரத்துக்கே வந்து திருகிவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். டிரைவர் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

"நாளைக்கு உன்னையும் கூப்பிட்டிருக்காங்க" என்றார் டிரைவர். "உனக்குத் தெரியாம அவன் கொண்டாந்து வச்சான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. அவனுக்கு எப்படியும் போயிடுச்சு."

"ஆமா, உள்ளதைச் சொல்லிட்டு வந்துடு" என்றார் தையல்காரர். சொல்லிவிட்டு, எழுந்து போய் மெஷினுக்கு எண்ணெய் போட்டார். காலையில்தான் போட்டிருந்தார்.

மறுநாள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அவள் டிப்போவுக்குப் போனாள். தையல்காரரும் கூட வந்தார். கழுவுகிற இடத்தில் அவளுடைய பழைய வண்டி நின்றிருந்தது, யாரோ புதுப் பையன் சக்கரத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். மேனேஜர் அறையில் மேஜைக்கு எதிரே தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். முகத்துணியைப் பார்க்காமல் இருப்பதற்காக மின்விசிறியைப் பார்த்தார்.

"உங்களைக் கஷ்டப்படுத்த விரும்பலம்மா. இவன் உங்களுக்குத் தெரியாமதானே அதை எடுத்துட்டு வந்தான்? தலையை ஆட்டினாப் போதும், பேச வேண்டாம்."

அவள் துணியை அவிழ்த்தாள். கொக்கிகளைக் கழற்றிக் கருவியை வெளியே எடுத்துக் கைக்குட்டையில் வைத்தாள். மேனேஜர் மின்விசிறியை விட்டு மேஜையைப் பார்த்தார்.

"நான்தான் கேட்டேன்" என்றாள்.

குரல் கரகரத்தது. ஆனால் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. அதில் உதடு சேர வேண்டிய எழுத்து ஒன்றுகூட இல்லை. நாக்கை விடுவித்த அன்றைக்கே அவளால் அதைச் சொல்லியிருக்க முடியும்.

"என்னம்மா?"

"நான்தான் கேட்டேன். நான்தான் தண்ணீ..." அங்கே நின்றாள். பாட்டில் என்ற சொல் வரவில்லை. கையால் பாட்டில் மாதிரி காட்டி, ஊற்றுகிற மாதிரி காட்டி, தன் நெஞ்சைத் தட்டினாள். "நான்தான்."

தம்பி, "அக்கா, விடு" என்றான்.

வாசற்படியில் நின்ற தையல்காரர் உள்ளே வந்தார். அப்படி அனுமதி கேட்காமல் ஓர் அறைக்குள் அவர் நுழைந்ததே இல்லை. "அவன் சொல்லாம வைக்கல சார்" என்றார். "என்கிட்ட சொன்னான். அக்கா வந்ததும் சொல்லிடுங்கன்னு சொன்னான். நான் 'ம்'னு சொன்னேன். நான்தான் சொல்லல."

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள். இத்தனை மாதம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு கேள்வியும் கையை விட்டுப் போனது.

மேனேஜருக்கு யாரை என்ன செய்வது என்று புரியவில்லை. "விதின்னு ஒண்ணு இருக்கு" என்றார் கடைசியில். எடுத்துக்கொண்டு போனது தம்பிதான் என்பதால் அவனுக்கு வேலை போனது. அவளைக் கண்டக்டர் வேலையிலிருந்து எடுத்து, டிக்கெட் மெஷின்களுக்குச் சார்ஜ் போடுகிற அறைக்கு மாற்றினார்கள். அது தண்டனையா தயவா என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தார்கள். தையல்காரர் ஏதாவது அடி, ஏதாவது திட்டு விழும் என்று காத்திருந்தார். அவள் அடுப்படிக்குப் போய் வெகுநேரம் நின்றாள். அந்தத் தொட்டியை எப்போதோ யாரோ வந்து சரிசெய்திருந்தார்கள், தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குத் தம்பி வந்தான், கையைக் கழுவினான், சாவியைக் கொதிநீரில் போட்டான்.

"மத்தியானம் பூரா கழட்டி வச்சுட்டியா?" என்று கடிந்தான். "பாரு, எப்படி இறுகிப்போச்சு."

அன்றைக்கு வலி அதிகம்தான். அவள் அவன் கையைக் கீறவில்லை. அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. மன்னிப்பு என்று எதுவும் அங்கே கேட்கப்படவும் இல்லை, கொடுக்கப்படவும் இல்லை.

*

தம்பிக்கு லாரிகளைக் கழுவுகிற வேலை வேறோர் ஊரில் கிடைத்தது. அவன் கிளம்புகிற நாள் வரை திருகிவிட்டுத்தான் போனான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா, அக்கா அழுதா மூஞ்சியப் பாக்காதீங்க. துளையை மட்டும் பாருங்க. ஊசியில நூல் கோக்கிற மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டே போனான்.

மறுநாள் காலையில் தையல்காரர் சாவியை எடுத்தார். சாவி துளையைவிட்டு நழுவி ஈறில் குத்தியது. அவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். அவள் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து உட்காரவைத்தாள். மூன்றாவது தடவை சாவி துளையில் விழுந்தது. அவர் திருகினார். திருகும்போது அவர்தான் அழுதார்.

வாய் இப்போது இரண்டரை விரல் திறக்கிறது. அதற்கு மேல் திறக்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கீழுதட்டுக்கு இன்னொரு ஆபரேஷன் செய்தால் உதடுகள் ஓரளவு சேரலாம், சேராமலும் போகலாம். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். உணவுக்குழாய் உள்ளே சுருங்கிக்கொண்டே இருப்பதால் அவ்வப்போது போய் விரித்துக்கொண்டு வர வேண்டும், அது ஆயுசுக்கும் உண்டு. வாய்க்குள் வைத்த முன்கைத் தோலுக்குச் சூடும் தெரியாது, ருசியும் தெரியாது. வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சி, வேகவைத்த முட்டை, நனைத்த ரொட்டி என்று சாப்பிடுகிறாள். ஒவ்வொரு வாயையும் நாக்கால் தள்ளி, கையால் தாடையைத் தாங்கி, தண்ணீரோடு இறக்க வேண்டும். சில சமயம் நடுவில் நின்றுவிடும். அப்போது எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

மகள் சாப்பிட்டுவிட்டு விளையாட ஓடிவிடுகிறாள். பேசினால் இப்போது சிரிப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அம்மா சொல்வதை எடுத்துச் சொல்கிறாள், சில நேரம் தன் இஷ்டத்துக்கு மாற்றியும் சொல்கிறாள். தையல்காரர் தன் தட்டைக் காலி செய்துவிட்டு, கை காய்ந்துபோனாலும், அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை எழுந்திருப்பதில்லை.